சிலுவைக்கு எந்தப் பலகை நல்லது

சுவிற்சர்லாந்தின் டீட்டிகோன் நகரின் ஓரத்தில் ஒரு பெரிய கட்டடப்பொருள் கடை இருக்கிறது. பெயின்ற் வாளிகளையும் கழிவறை இருக்கைகளையும் தாண்டிக் கடைசி மூலைக்குப் போனால், சுவரோடு சாய்த்து நிறுத்திய ராட்சத வாள் இயந்திரம் ஒன்று நிற்கும். அதற்கு முன்னால், காதுகளில் ஆரஞ்சு நிறக் காப்பு மாட்டியபடி மரியகொறற்றி நிற்பார். ஐம்பத்துநாலு வயது, யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, உயரம் இயந்திரத்தில் அரைவாசி. பலகையைத் தெரிந்தெடுத்து அளவைச் சொன்னால் வெட்டித் தருவது அவருடைய வேலை. ஜெர்மன் மொழியில் அந்த மூலைக்கு சூஷ்னிற், அதாவது வெட்டுமிடம், என்று பெயர். லிம்மாற் பள்ளத்தாக்கில் வீடு மாறிய, அலுமாரி செய்த, சாமித்தட்டு அடித்த தமிழர் எல்லோருக்கும் அவர் சூஷ்னிற் அக்கா.

அவர் இயந்திரத்துக்கு வந்த கதை சிறியது. முதல் ஏழெட்டு வருடம் அதே கடையில் துப்புரவு வேலை. ஒரு வசந்த காலம், நாடே தோட்டமும் தட்டுமாகத் திரியும் பருவத்தில், வாள் பிடித்த ஆள் திடீரென்று வேறு வேலைக்குப் போய்விட்டான். மேலாளர் தலையில் கைவைத்து நின்றபோது, மரியகொறற்றி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: "இவ்வளவு காலம் மரத்தூளைக் கூட்டினேன். இனி நானே உண்டாக்குகிறேன்." பயிற்சி கொடுத்தார்கள். பத்து விரலும் இன்றுவரை இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்களுக்கு அவர் நீட்டிக் காட்டுவார்.

மரம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது, இங்கே மரம் இல்லை என்பதுதான். மரத்தைச் சீவி, துருவி, அரைத்து, பசை ஊற்றிச் சூட்டில் அழுத்தி எடுத்த பண்டங்கள்தான் இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் சாப்பாட்டுக் கணக்கில் விளக்குவார். மரத்துகளைப் பசையில் பிசறி அழுத்திய துகள்பலகை, புட்டு. குழலை விட்டு வந்த நேரம் கம்பீரமாக நிற்கும். குழம்பு பட்டால் கதை முடிந்தது. மரத்தை நாராக்கி, மாவாக்கிச் செய்யும் எம்.டி.எஃப், அல்வா போன்ற தொதல். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே வழுவழுப்பு, ஆனால் பாரமோ பாரம். ஒட்டுப்பலகை பராட்டா, மெல்லிய தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியிருப்பதால் இலகுவில் கிழியாது. பெரிய சீவல்கள் அப்படியே வெளியே தெரியும் ஓ.எஸ்.பி, மிக்சர். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே கடதாசித் தேன்கூடு வைத்த பலகை இருக்கிறதே, அது அப்பளம். பார்க்கப் பெரிசு, உள்ளே காற்று. சுவிஸ்காரருக்கும் இதே விளக்கம்தான். பாண், பிஸ்கற் என்று பண்டங்களின் பெயர் மட்டும் மாறும்.

ஒரு சனிக்கிழமை குகதாசன் என்பவர் நிலவறையில் அரிசிச் சாக்கு வைக்கத் தட்டு அடிப்பதற்காகத் துகள்பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நீளம் எவ்வளவு, அண்ணை?"

"ரெண்டு மீற்றர். நடுவில கால் வேண்டாம், வடிவில்லை."

"எத்தினை சாக்கு வைப்பியள்?"

"ஒரு ஆறு கிடக்கும்."

"புட்டுக்கு மேல ஆறு சாக்கு அரிசியோ? நத்தாருக்கிடையில உங்கட தட்டு ஊஞ்சலாயிடும்."

"பலகை தடிப்பாத்தானே கிடக்கு, பிள்ளை."

"தடிப்பான புட்டும் புட்டுத்தான், அண்ணை. ஒண்டில் பராட்டாவுக்கு மாறுங்கோ, இல்லாட்டில் நடுவில காலைப் போடுங்கோ. நிலவறைக்குள்ள வடிவு பாக்க ஆர் வரப்போயினம்?"

குகதாசன் காலையும் வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஊருக்கெல்லாம் பலகை சொன்ன மனுசி, தன் வீட்டு விஷயம் வந்தபோது நேராக அப்பளத்தில் போய் விழுந்தார்.

வீட்டு விஷயம் என்றால் கணவர் செபஸ்ரியன். மன்னார்ப் பேசாலைக்காரர், அறுபத்தொரு வயது, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. பெரிய வெள்ளிக்கு முன்னும் பின்னும் அவர் யேசு. தமிழ்க் கத்தோலிக்கர் தேவாலயப் பங்கு மண்டபத்தில் வருடாவருடம் போடும் திருப்பாடுகளின் காட்சியில் பதினாறு வருடமாகச் சிலுவையைச் சுமப்பவர் அவர்தான். முப்பத்துமூன்று வயதில் இறந்தவரை அறுபது தாண்டியவர் நடிப்பது எவருக்கும் உறுத்தவில்லை. தாடிக்கு மை பூசுவார்கள். மாதாவாக நடிக்கும் பெண் மகனைவிட இருபது வயது இளையவர். அதையும் எவரும் கணக்கெடுப்பதில்லை.

அந்த வேடம் கைவிட்டுப் போகக் கூடாது என்பதில் மரியகொறற்றி உறுதியாக இருந்தார். காரணம் பக்தி இல்லை. வருடத்தின் பெரும்பகுதி செபஸ்ரியன் சோபாவில் கிடக்கும் மனிதர். பியருக்கும் ரிமோட்டுக்கும் மட்டும் கை நீளும். கேட்டதற்குப் பதில், "ம்." மார்கழியில் ஒத்திகை தொடங்கினால் ஆளே மாறுவார். பியர் நிற்கும். தாடி வளரும். மாலையில் லிம்மாற் ஆற்றங்கரையோரம் நடப்பார். வசனம் பாடமாக்குகிற சாட்டில் மனைவியோடு கதைப்பார். அதுவும் கனிவாக, யேசு கதைப்பதுபோல. "உயிர்த்த ஞாயிறோட அந்த ஆள் எழும்பிப் போயிடும். இந்த ஆள் திரும்பி வந்து சோபாவில படுக்கும்" என்று மரியகொறற்றி சொல்வதுண்டு. வருடத்தில் நாலு மாதம் மட்டும் கிடைக்கும் அந்தப் புருசனை இழக்க அவர் தயாராக இல்லை.

பிரச்சினை முதுகில் வந்தது. போன கோடையில் செபஸ்ரியனின் முள்ளந்தண்டுத் தட்டு ஒன்று விலகியது. பதினாறு வருடம் சுமந்த சிலுவையால் இல்லை, சோபாவுக்கு அடியில் போன ரிமோட்டை எடுக்கக் குனிந்ததால். இனிப் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். சிலுவையோ, இடித்த மாட்டுத்தொழுவம் ஒன்றின் உத்தரத்தில் செய்தது. முப்பது கிலோவுக்குக் குறையாது.

நாடகக் குழுவின் தை மாதக் கூட்டத்தில் யேசுதாசன் எழுந்தார். பொதிகள் ஏற்றும் களஞ்சியமொன்றில் வேலை, நாற்பத்தாறு வயது, கிழமையில் நாலு நாள் ஜிம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாக, யேசுவைக் காட்டிக்கொடுத்துத் தூக்குப் போட்டுக்கொள்ளும் யூதாஸாக நடிப்பவர்.

"அண்ணைக்கு ஓய்வு குடுப்பம். நான் சொல்லுறது அண்ணையின்ர நன்மைக்குத்தான்" என்றார்.

"ஏன் தாசன், முப்பது வெள்ளிக்காசு காணாமக் கிடக்கோ?" என்றது பின்வரிசைக் குரலொன்று.

"பன்னிரண்டு வருசமாத் தூக்குப் போடுறன். ஒருக்கா எண்டாலும் சிலுவையில சாக விடுங்கோவன்."

சிரித்தார்கள். சிரித்தாலும் நியாயம் அவர் பக்கம் சாய்வது தெரிந்தது. பாதர் செபஸ்ரியனைப் பார்த்தார். செபஸ்ரியன் தன் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்போதுதான் மரியகொறற்றி வாய் திறந்தார்.

"பாரமில்லாத சிலுவை ஒண்டு நான் செய்து தாறன், பாதர். இவர் தூக்குவார். சனத்துக்கு வித்தியாசம் தெரிஞ்சுதெண்டால் வேடத்தைத் தாசனுக்குக் குடுங்கோ."

பாதர் சம்மதித்தார். முழு ஒத்திகையில் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். வீடு திரும்பும் பஸ்ஸில் செபஸ்ரியன் மெதுவாகக் கேட்டார்:

"கொறற்றி, உமக்குச் சிலுவை செய்யத் தெரியுமே?"

"ரெண்டு பலகை. ஒண்டு நெடுக்க, ஒண்டு குறுக்க. இதில தெரியுறதுக்கு என்ன கிடக்கு?"

பாரம் குறைய வேண்டும் என்றதும் அவருடைய கை தானாகத் தேன்கூட்டுப் பலகைக்குப் போனது. பெரிய மேசை, பெரிய கதவு எல்லாம் ஒற்றைக் கையால் நகர்த்தக்கூடியதாக இருக்கிறதென்றால் உள்ளே இதுதான். கடையில் வெட்டி, குடியிருப்பின் நிலவறையில் இருந்த கைவேலை அறையில் வைத்து இரண்டிரண்டாக ஒட்டி, குறுக்குச்சட்டத்தைத் திருகாணியால் பூட்டி, மேலே மரரேகை அச்சடித்த பிளாஸ்ரிக் தாளைச் சுற்றினார். பார்க்கக் கருங்காலி போல இருந்தது. குளியலறைத் தராசில் எட்டுக் கிலோ காட்டியது. லிப்ற்றில் ஏற்றும்போது மேல்மாடி எலேனா எதிர்ப்பட்டார்.

"யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார் எலேனா, தாழ்ந்த குரலில்.

"இன்னும் இல்லை. பெரிய வெள்ளிக்குத்தான்" என்றார் மரியகொறற்றி.

முழு ஒத்திகையன்று செபஸ்ரியன் அந்தச் சிலுவையைத் தோளில் வைத்து மேடைக்கு வந்தார். குடையை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர்போல வந்தார்.

"செபஸ்ரியன், உலகத்தின்ர பாவமெல்லாம் அதில கிடக்கு. எப்பன் குனியுங்கோ" என்றார் பாதர்.

செபஸ்ரியன் குனிந்தார். காட்சியில் யேசு மூன்று முறை விழ வேண்டும். முதல் முறை விழுந்தார். சிலுவையும் விழுந்தது. 'டொக் டொக்' என்று ஒலித்து இரண்டு தரம் துள்ளி அடங்கியது.

"ஆரோ கதவு தட்டுகினம்" என்றான் உரோமைச் சிப்பாய் ஒருவன்.

அழுவதற்காக வரிசையில் நின்ற எருசலேம் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பாதர் தொடரச் சொன்னார். இரண்டாம் முறை விழுந்தபோது குறுக்குச்சட்டம் ஒரு பக்கம் சரிந்து, திருகாணியோடு பிய்த்துக்கொண்டு வந்து சிப்பாயின் காலடியில் விழுந்தது. செபஸ்ரியன் கையில் ஒரு கம்பத்தோடு நின்றார். பிய்ந்த ஓட்டைக்குள் கடதாசி தெரிந்தது. தேன்கூட்டுப் பலகையில் திருகாணி பூட்டுகிற இடத்தில் உள்ளே ஒரு மரக்கட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. இதை மரியகொறற்றி கடையில் ஒவ்வொரு கிழமையும் ஒருவருக்காவது சொல்கிறவர். பாரம், பாரம் என்று நினைத்ததில் மறந்துபோனார்.

யேசுதாசன் பின்வரிசையில் இருந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே புதிதாகத் தாடி முளைத்திருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்திய கிழமை கடைசி ஒத்திகை, அதோடு முடிவு என்று பாதர் தவணை கொடுத்தார். அன்று மாலை செபஸ்ரியன் சோபாவில் சாய்ந்து, மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாகப் பியர் ஒன்றைத் திறந்தார்.

"விடும் கொறற்றி. தாசன் செய்யட்டும்."

"வசனம் பாடமாக்கேல்லையோ?"

"ம்" என்றார் செபஸ்ரியன்.

அந்த ஒற்றை எழுத்து மரியகொறற்றியை உலுக்கியது. ஆனால் அடுத்து எந்தப் பலகை என்று அவருக்குத் தெரியவில்லை. பாரத்தைக் குறைக்கலாம், பாரம் இருப்பதாக எப்படிக் காட்டுவது? யோசித்தபோது வேறொன்றும் தெரிந்தது. பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் இந்தக் காட்சியை முன்னால் இருந்து பார்த்ததில்லை. எப்போதும் திரைக்குப் பின்னால், வாயில் ஊசிகளோடும் கையில் இரத்தத்துக்கான தக்காளிச் சோஸோடும் நிற்பவர். சிலுவை முன்னால் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஒவ்வொரு வருடமும் முதல் வரிசையில் இருந்து மற்றவர்களையும் அழவைக்கும் ஞானப்பூ ஆச்சியிடம் போனார்.

"ஆச்சி, சிலுவை எப்பிடி இருந்தால் உங்களுக்குப் பாரமாத் தெரியும்?"

"எனக்கெங்க பிள்ளை தெரியுறது. அந்த நேரம் நான் கண்ணைத் துடைக்கிற லேஞ்சியால முகத்தை மூடிக்கொண்டெல்லோ இருக்கிறனான்."

"அப்ப என்னத்தைப் பாத்து அழுறியள்?"

"பாக்கிறதெங்க? அது நிலத்தில இழுபட்டு வரேக்க கர்ர் எண்டு ஒரு சத்தம். அது கேட்டால் காணும், எனக்கு நெஞ்சு அடைச்சிடும்."

பக்கத்தில் இருந்தவர்களையும் கேட்டார். ஒருவர் லேஞ்சி, ஒருவர் முக்காடு, ஒருவர் செபப்புத்தகம். எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பதினாறு வருடமாகச் செபஸ்ரியன் காட்டிய முகபாவங்களை முதல் மூன்று வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை. இதை அவர் வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

ஆனால் வேலை இலகுவாகிவிட்டது. பாரம் தோளில் இருக்க வேண்டியதில்லை. சத்தத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது சிலுவையை மெல்லிய பொப்ளர் மர ஒட்டுப்பலகையில் நீண்ட பெட்டியாகச் செய்தார். பராட்டாவிலேயே ஆக இலேசானது அது. குறுக்குச்சட்டம் சேரும் இடத்தில் இந்த முறை உள்ளே நல்ல மரக்கட்டை. வெறும் பெட்டி என்றால் மறுபடியும் கதவு தட்டும் என்பதால், கூரைக்குக் குளிர் தாங்க வைக்கும் மெத்தென்ற மரநார்ப் பலகையைத் துண்டு துண்டாக உள்ளே அடைத்தார். தட்டிப் பார்த்தால் முத்தின தேங்காய்போல 'தொம்' என்றது. கடைசியாக அடிக்காலில், தரையில் இழுபடும் முனையில் மட்டும், எம்.டி.எஃப் துண்டுகளை அடுக்கி ஒட்டினார். பாரம் முழுவதும் அங்கே. அதைத் தரை தாங்கும். செபஸ்ரியனின் தோளுக்கு வருவது சக்கரப் பெட்டியொன்றின் கைப்பிடியை இழுக்கிற பாரம் மட்டும்.

கடைசி ஒத்திகைக்கு முந்திய நாள் மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே ஹெர் ப்யூலர் நின்றார். மண்டபத்துக்குப் பொறுப்பானவர். தை மாதம் தரைப்பலகையைத் தேய்த்து வார்னிஷ் பூசிப் புதுப்பித்த நாளிலிருந்து, அவர் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, சப்பாத்தைத்தான் பார்ப்பார்.

"இது என்ன?"

"சிலுவை."

"அது தெரிகிறது. அடியில் என்ன ஒட்டியிருக்கிறீர்கள்?"

"அடியில் ஒன்றும் ஒட்டவில்லை."

"அதுதான் பிரச்சினை. இங்கே நாற்காலிக் கால்கள் எல்லாவற்றுக்கும் ஃபில்ஸ் ஒட்டியிருக்கிறது. இதற்கும் ஒட்ட வேண்டும்."

"யேசுவின் சிலுவைக்குமா?"

"தரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார் ஹெர் ப்யூலர்.

ஃபில்ஸ் என்னும் கம்பளித் துண்டை ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். சிலுவை பூனைபோல நடந்தது. ஒரு சத்தமுமில்லை. செபஸ்ரியன் மேடை விளிம்பில் உட்கார்ந்து, பரவாயில்லை, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார். மரியகொறற்றி ஆண்டவர் சித்தத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஓ.எஸ்.பி துண்டுகளை வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து, மண்டப வாசலிலிருந்து மேடைவரை பாதையாக விரித்தார். பலகைக்குக் கீழே பழைய கம்பளம். தரையில் கீறல் விழ வழியே இல்லை. ஹெர் ப்யூலர் முழங்காலில் நின்று, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, அடுத்த வருடமும் இதையே போடுங்கள் என்றார்.

ஓ.எஸ்.பி கரடுமுரடான சாதி. மேலெல்லாம் சீவல்கள் நெளிந்து நிற்கும். கம்பளித் துண்டைப் பிடுங்கிய சிலுவையின் அடிக்கால் அதன்மேல் இழுபட்டபோது எழுந்த 'கர்ர்' என்ற ஒலி கூரையில் போய் முட்டித் திரும்பியது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சிப்பாய் ஒருவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"இது பழசைவிடப் பாரமோ?" என்றார் பாதர் கலவரத்தோடு. "டாக்டர் வேண்டாமெண்டவரெல்லோ?"

மரியகொறற்றி ஒற்றைக் கையால் மேல்முனையைத் தூக்கிக் காட்டினார். வேடம் செபஸ்ரியனுக்கே என்று முடிவானது. அன்று யேசுதாசனுக்கு வேலை. சிலுவையை அவர் பார்க்கவில்லை. பழையதைவிடப் பாரமானதாம் என்ற செய்தி மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. தாடியை வழித்தார்.

பெரிய வெள்ளியன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுவிஸ் பங்கிலிருந்தும் சிலர் வந்து ஓரமாக அமர்ந்திருந்தார்கள். யூதாஸ் வழக்கம்போல அழகாகத் தூக்குப் போட்டுக்கொண்டார். தீர்ப்பு வந்தது. செபஸ்ரியன் சிலுவையை ஏற்று வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினார். முதல் 'கர்ர்' கேட்டதும் முன்வரிசையில் லேஞ்சிகள் எழுந்தன. முதல் விழுகை சுகமாக முடிந்தது. சீரேனே ஊர்ச் சீமோனாக வந்த றஜீவன் கொஞ்சத் தூரம் சுமந்துவிட்டு, நேரக் கட்டுப்பாடுள்ள நீல வலயத்தில் விட்ட காரை மாற்ற ஓடினான். இரண்டாம் விழுகையும் முடிந்தது. சிலுவை துள்ளவில்லை, கழலவில்லை. திரைக்குப் பின்னால் மரியகொறற்றி வாயில் ஊசிகளோடு மூச்சு விட்டார்.

மூன்றாம் முறை விழுந்த செபஸ்ரியன் எழவில்லை.

பாடகர் குழு அடுத்த பாட்டுக்குப் போகாமல் அதே அடியைத் திரும்பப் பாடியது. இன்னொரு முறை பாடியது. சிப்பாய் சவுக்கை ஓங்கியபடி குனிந்தான்.

"அண்ணை, எழும்புங்கோ."

"ஏலாதடா."

சட்டைக்குள் குத்தியிருந்த சின்ன மைக்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 'ஏலாதடா' நாலு ஒலிபெருக்கியிலும் போனது. மண்டபம் விம்மியது. ஞானப்பூ ஆச்சி வாய்விட்டு அழுதார்.

முதுகு பிடித்துவிட்டது என்பது மரியகொறற்றிக்குப் புரிந்தது. சீமோன் காரில். சிப்பாய்கள் இருவரும் சிலுவையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது பக்கக் கதவால், கழுத்தில் கயிறு தொங்க, யூதாஸ் ஓடிவந்தார். யேசுதாசன் ஒன்றையும் யோசிக்கவில்லை. அண்ணை கிடக்கிறார், தூக்க வேண்டும், அவ்வளவுதான். களஞ்சியத்தில் பொதி தூக்கும் பழக்கத்தில் காலை அகட்டி வைத்து, குறுக்குச்சட்டத்தைப் பிடித்து, முப்பது கிலோவுக்கு மேல் என்ற நம்பிக்கையில் மூச்சைப் பிடித்து ஒரே எம்பு எம்பினார்.

சிலுவையின் தலை விர்ரென்று மேலே போய், சிப்பாயின் தலைக்கவசத்தைத் தட்டி விழுத்தியது.

யேசுதாசன் உறைந்துபோனார். கையில் இருப்பது என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது. திரையோரம் நின்ற மரியகொறற்றியைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் யேசுதாசன் என்னவும் செய்யலாம். சிலுவையை ஒற்றைக் கையில் பிடித்துச் சும்மா நடந்தாலே போதும். சனம் பார்க்கும், பாதர் பார்ப்பார், பன்னிரண்டு வருடக் காத்திருப்பு முடிந்துவிடும். மரியகொறற்றி ஊசிகளைத் துப்பிவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்து மெல்ல மெல்லக் கீழே அமுக்கிக் காட்டினார். பாரம், தம்பி, பாரம்.

யேசுதாசன் சிலுவையைத் தோளுக்கு இறக்கினார். முழங்கால் மடிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முனகல் முனகினார். அதில் முன்வரிசை நடுங்கியது. 'கர்ர்' என்று சிலுவை நகர்ந்தது. சிப்பாயின் தோளைப் பிடித்து மெல்ல எழும்பிய செபஸ்ரியன், முதுகை நேராக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

லேஞ்சிகள் இறங்கின. பல வருடத்துக்குப் பிறகு முன்வரிசை மேடையைப் பார்த்தது.

"உவன் யூதாஸெல்லோ?" என்றார் ஞானப்பூ ஆச்சி.

"மனந்திரும்பி வந்திட்டான் ஆச்சி" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"தூக்குப் போட்டாப் பிறகோ?"

"பேசாம அழுங்கோ."

சிலுவையில் கட்டி நிமிர்த்தியபோது செபஸ்ரியனுக்குப் பெரிய சுகம். சுவரோடு முதுகை ஒட்டி நேரே நில்லுங்கள் என்று ஃபிசியோ பெண் மாதக்கணக்காகச் சொன்னதை அன்றுதான் ஒழுங்காகச் செய்தார். உயிர் பிரிய வேண்டிய நேரத்துக்கும் கொஞ்சம் பிந்தித்தான் பிரிந்தது.

முடிந்ததும் பாதர் கோபிக்க வாய் திறந்தார். அதற்குள் சுவிஸ் பங்கின் பெண்மணி ஒருவர் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யூதாஸுக்கும் மன்னிப்பு உண்டு என்பதை இவ்வளவு துணிச்சலாக எந்த மேடையிலும் கண்டதில்லை என்றார். பாதர் வாயை மூடி, நன்றி என்றார்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று யேசுதாசன் வெறுங்கையோடு வாள் இயந்திரத்தடிக்கு வந்தார். மரியகொறற்றி காதுக் காப்பைக் கழற்றினார்.

"அக்கா, அந்தச் சிலுவைக்குள்ள ஒண்டுமில்லை."

"அடியில கிடக்கு."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"தெரியும்."

"வாற வருசம் எனக்குச் சீமோன் வேடமாம். அண்ணை ரெண்டாவது தரம் விழுந்தாப் பிறகு முழுக்க நான்தான் தூக்கிறதாம். பாதர் சொல்லுறார்."

"நல்லதெல்லோ."

யேசுதாசன் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பாரமான சிலுவை வேணும், அக்கா. நான் ஜிம்முக்குப் போறவன். பாரமில்லாததைப் பாரமெண்டு நடிக்க வெக்கமாக் கிடக்கு."

"அப்ப அண்ணை முதல் ரெண்டு தரமும் எதைத் தூக்கிறது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதை யோசிக்கேல்லை."

"ஒரு சிலுவைதான், தம்பி. ரெண்டு பாரம் வைக்கேலாது."

"சரி. நடிக்கிறன்." போகத் திரும்பியவர் நின்றார். "நான் வடிவா நடிச்சனானோ?"

"எனக்கே பாரமாக் கிடந்தது."

யேசுதாசனின் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணைக்கு இப்ப எப்பிடி?"

"நிலத்தில கிடக்கிறார். சோபா மெத்தெண்டு இருக்கு, முதுகுக்குக் கூடாதெண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். நல்ல தடிப்பான ஒட்டுப்பலகையில ஒண்டு வெட்டிக் கொண்டுபோய், ஜன்னல் பக்கமாப் போட்டு விட்டிருக்கிறன்."

"பாவம். அங்க கிடந்து ரீவியும் பாக்கேலாதே."

"ஓம். அதால விடிஞ்சாப் பொழுதுபட்டா என்னோடதான் கதை. தான் சின்னனில பள்ளிக்கூடத்தால ஓடினதெல்லாம் இப்பத்தான் எனக்குச் சொல்லுறார்."

"எவ்வளவு நாளைக்குக் கிடக்கோணுமாம்?"

மரியகொறற்றி அடுத்த வாடிக்கையாளர் தள்ளிக்கொண்டு வந்த பலகையை இயந்திரத்தில் ஏற்றினார்.

"டாக்டர் ஒரு கிழமை எண்டுதான் சொன்னவர்" என்றார். "போனில கதைச்சது நான்தானே. அண்ணைக்கு ரெண்டு மாசமெண்டு சொல்லியிருக்கிறன்."